ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் ஓர் இரைச்சல்: ஆகஸ்ட் குறிப்புகள்

3 ஆகஸ்ட் 2024

ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஏறிவிட்டது. பவர் சப்ளையும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே போர்டில் வரும் கிட் இது. சிக்னலைப் பெருக்க ஒரு 5532 ஐசி, ஹெட்போனுக்குக் கரண்ட் கொடுக்க சேனலுக்கு ஒரு பிடி139 - பிடி140 டிரான்சிஸ்டர் ஜோடி, வோல்டேஜைச் சீராக வைக்க 7812 (பிளஸ் 12), 7912 (மைனஸ் 12) ரெகுலேட்டர்கள், போர்டுக்கு வெளியே ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு அருமையாகக் கேட்கிறது. பாட்டு நின்றதும்தான் பிரச்சினை தெரிகிறது. தீப்பெட்டியில் அடைத்த பொன்வண்டு போல இரண்டு காதிலும் ஓர் இரைச்சல்.

வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறவில்லை. இது நல்ல தகவல். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால், சத்தம் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால், அதாவது இன்புட் ஒயரிலோ பாட்டு வரும் கருவியிலோ நுழைகிறது என்று பொருள். மாறவே இல்லை என்றால் அதற்குப் பின்னால்தான் தேட வேண்டும். குமிழைத் தொட்டாலும் மாற்றம் இல்லை.

4 ஆகஸ்ட்

இன்புட் ஒயரைக் கழற்றி, சாக்கெட்டில் சிக்னலையும் கிரவுண்டையும் (கரண்ட் திரும்பி வரும் பூஜ்ய வோல்ட் இணைப்பு) ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆக, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.

அப்புறம் லேப்டாப்பை சார்ஜரிலிருந்து பிரித்து, ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டை அதில் பதிவு செய்தேன். ஆடாசிட்டி மென்பொருளில் பதிவைத் தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைந்தால் 100, 200, 300, 400 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் கொம்புகள். 50 ஹெர்ட்ஸில் சின்னதாக ஒரு மேடு, அவ்வளவுதான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ கிரவுண்ட் லூப்போ (இரண்டு கருவிகளின் கிரவுண்டுகள் இரண்டு வழியாக இணைந்து உருவாகும் வளையம்) காரணம் என்றால் 50 தான் பெரிதாக இருக்கும், காதுக்கும் ‘ம்ம்ம்’ என்று மழுங்கலாகக் கேட்கும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்துவதால் அதற்குப் பின்னால் எல்லாமே 100 ஹெர்ட்ஸ். மேலே இத்தனை கொம்புகள் இருப்பது, அலை கூர்மையான துடிப்பாக இருப்பதைச் சொல்கிறது. இரைச்சலே தன் விலாசத்தைச் சொல்லிவிடுகிறது என்பதால்தான், இந்த மாதிரி வேலையில் எதையும் கழற்றுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பேன்.

7 ஆகஸ்ட்

ரெகுலேட்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளால் ஆம்ப்ளிஃபயர் பகுதியை ஓட்டினேன். சுத்தம். இரைச்சல் துளியும் இல்லை. ஐசி மேலும் டிரான்சிஸ்டர்கள் மேலும் இனி சந்தேகம் வேண்டாம்.

10 ஆகஸ்ட்

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். வழக்கமாக வாங்கும் கடையில் அண்ணனிடம் சொன்னேன். “கண்டன்சரப் பெருசாப் போடு தம்பி, சரியாயிடும்” என்றார். ரெக்டிஃபயருக்குப் பின்னால் டிசியைச் சமன் செய்யும் கெபாசிட்டரைத்தான் சொல்கிறார். பெரும்பாலும் சரியான வைத்தியம்தான். அதிகக் கரண்ட் இழுக்கும், ரெகுலேட்டர் இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயர்களில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்தான் முதல் எதிரி.

“இதில் ரெகுலேட்டர் இருக்கே அண்ணே” என்றேன். “அப்போ கிரவுண்டப் பாரு” என்றார் உடனே. இருந்தாலும் கண்டன்சரையும் வாங்கி வந்தேன். அதை வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதானே.

இரவே சோதித்தேன். ஏற்கெனவே இருந்த 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றோடும் இன்னொரு 2200-ஐ இணையாக வைத்தேன். இரைச்சல் குறையவில்லை. கேட்டால் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது போலக்கூட இருந்தது.

இது எனக்குப் பெரிய துப்பு. போர்டு சும்மா இருக்கும்போது சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கிறது. 2200 மைக்ரோஃபாரட்டில் அதற்கு ரிப்பிள் கால் வோல்ட் சுற்றி வரும். 7812 அதைக் குறைந்தது 55 டெசிபல் அடக்கும், மிஞ்சுவது அரை மில்லிவோல்ட். அதையும் 5532 தன் பங்குக்கு அடக்கிவிடும். ஆகவே ரிப்பிள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கெபாசிட்டரை நிரப்பும் கரண்ட் வேறு விஷயம். அது சீராகப் பாய்வதில்லை. அலையின் உச்சியில் மட்டும் ரெக்டிஃபயரின் டயோடு திறந்து, ஒரு சில மில்லிசெகண்டில் மொத்தமும் பாய்ந்து முடிகிறது. சராசரி 60 என்றால் உச்சம் 400 மில்லிஆம்பியர் வரை போகலாம். கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் அந்த நேரம் இன்னும் குறுகும், உச்சம் இன்னும் ஏறும். காதில் கேட்டதும் அதுதான்.

அப்படியானால் அந்தத் துடிப்பு எந்த வழியாகப் போகிறது?

11 ஆகஸ்ட்

போர்டைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் கிரவுண்ட் டிராக்கை (போர்டில் ஒயருக்குப் பதிலாக ஓடும் செம்புப் பட்டை) விரல் வைத்துத் தொடர்ந்தேன். பிளஸ் கெபாசிட்டரும் மைனஸ் கெபாசிட்டரும் போர்டின் இரண்டு பக்கத்தில் இருக்கின்றன. இரண்டின் கிரவுண்ட் காலையும் இணைப்பது ஒரே ஒரு டிராக், சுமார் 40 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம். நிரப்பும் துடிப்பு முழுவதும் இதில்தான் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் சிக்னல் கிரவுண்ட் மைனஸ் பக்க நுனியில் கிளம்புகிறது. ஹெட்போன் சாக்கெட்டின் கிரவுண்ட் ஒயரைப் பற்றவைக்கும் பேடு பிளஸ் பக்க நுனியில் இருக்கிறது, விளிம்புக்குப் பக்கம் என்ற வசதிக்காக வைத்திருப்பார்கள். ஹெட்போன், டிராக்கின் இரண்டு நுனிகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மீட்டரில் வைத்தால் அந்த டிராக் பூஜ்யம் ஓம்தான் காட்டும். டிராக்கை அதன் அகலத்துக்குச் சமமான சதுரங்களாகப் பிரித்தால், செம்பின் வழக்கமான தடிப்புக்கு ஒரு சதுரத்துக்கு அரை மில்லிஓம். இருபது சதுரம், 10 மில்லிஓம். 400 மில்லிஆம்பியர் ஓடினால் 4 மில்லிவோல்ட். மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்போனுக்கு ஒரு மில்லிவோல்ட் கொடுத்தாலே 55 டெசிபல் வரும். அமைதியான அறையில் நன்றாகக் கேட்கிற அளவு.

நிச்சயப்படுத்த ஆம்ப்ளிஃபயரையே விலக்கிவிட்டு ஒரு சோதனை செய்தேன். ஒரு ஹெட்போன் சாக்கெட்டில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு முனையை சிக்னல் கிரவுண்டிலும் மறு முனையை அந்தப் பேடிலும் வைத்தேன். கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஹெட்போன். அதே இரைச்சல், அதே அளவு! இந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த வேலையெல்லாம் செய்கிறேன் என்று தோன்றியது. கிரவுண்ட் என்று வரைபடத்தில் ஒரே குறி போட்டுவிடுகிறோம். செம்பில் அது ஒரே புள்ளி இல்லை.

13 ஆகஸ்ட்

ஹெட்போன் சாக்கெட்டின் கிரவுண்ட் ஒயரை அந்தப் பேடிலிருந்து எடுத்து, இன்புட் கிரவுண்டும் வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்டும் சேரும் புள்ளிக்குக் கொண்டுபோனேன். சாக்கெட்டுகள் உலோகப் பெட்டியைத் தொட்டால் பெட்டி வழியாக இன்னொரு பாதை திறந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஃபைபர் வாஷர். இரைச்சல் போய்விட்டது. ஸ்பெக்ட்ரத்தில் 100-ன் கொம்பு தரையோடு தரையாகிவிட்டது. மிச்சம் இருந்த 50 ஹெர்ட்ஸ் மேடு, டிரான்ஸ்ஃபார்மரின் திருகைத் தளர்த்திக் கால் சுற்று திருப்பியதும் பாதிக்கும் கீழே இறங்கியது.

17 ஆகஸ்ட்

லேப்டாப்பை மூன்று பின் சார்ஜரோடு இணைத்தால் ‘ம்ம்ம்’ வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது. இது அசல் கிரவுண்ட் லூப். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போதும் என்று நண்பர் சொன்னார். கூடவே கூடாது. உள்ளே 230 வோல்ட் வரும் உலோகப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர் நேராகக் காதுக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போனால் நம்மைக் காப்பது அந்த எர்த் மட்டும்தான். பெட்டிக்கும் எர்த்துக்கும் நேரடி இணைப்பை அப்படியே வைத்துவிட்டு, சிக்னல் கிரவுண்டை மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டியோடு சேர்த்தேன். கோளாறு வந்தால் கரண்ட் போக வழி வேண்டும் என்பதற்காக, எதிரெதிராக இரண்டு தடித்த டயோடுகளும் அதோடு இணையாக இருக்கின்றன. அந்த ‘ம்ம்ம்’ இப்போது கிட்டத்தட்ட இல்லை.

மாமா பையனும் இதே கிட்டைத்தான் வாங்கி வைத்திருக்கிறான். ஒயரை எங்கிருந்து எங்கே மாற்ற வேண்டும் என்று போர்டின் படத்தில் சிவப்பில் குறித்து அனுப்பினேன். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்கள் இறங்கிவிட்டனவா என்று மீட்டரில் பார்த்த பிறகே சால்டரிங் அயர்னை வை என்றும் எழுதியிருக்கிறேன்.