வஹாக்காவின் சிவப்பு

தென் மெக்சிகோவின் வஹாக்கா நகரின் பழைய பகுதியையும், அதனருகே சபோடெக் மக்கள் எழுப்பிய மோன்டே அல்பான் மலைநகரையும் 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்ற அளவில்தான் நான் அறிந்து சென்றேன். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஒரு சிறு பூச்சி. தெயோதித்லான் தெல் வாயே என்னும் நெசவாளர் ஊரில், சப்பாத்திக்கள்ளி மடலில் வெண்பஞ்சு போல ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்துச் சாயமெடுக்கிறார்கள். நெசவாளர் ஒருவர் அந்தக் கருஞ்சிவப்புப் பொடியைத் தம் உள்ளங்கையில் குழைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் அது செம்மஞ்சளாகப் பளிச்சிட்டது. சுண்ணாம்பு சேர்த்ததும் ஊதாவாக மாறியது. காலனி ஆட்சிக்காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக இங்கிருந்து ஸ்பெயினுக்குப் போன செல்வம் இந்தச் சாயமே.

சான் பார்தோலோ கொயோதெபெக் ஊரின் கருமட்பாண்டங்கள் இன்னொரு வியப்பு. ஈரம் முற்றும் உலருமுன் படிகக் கல்லால் தேய்த்து, காற்றுப் புகாத சூளையில் சுடுவதால் கண்ணாடிபோல் மின்னுகின்றன. ஆனால் அந்தப் பளபளப்புப் பானையில் தண்ணீர் கசியும் (வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது).

தூலே ஊரில் ஏறத்தாழ 14 மீட்டர் குறுக்களவுள்ள சைப்ரஸ் மரத்தைச் சுற்றி வந்தேன். ‘கொதிக்கும் நீர்’ எனப் பொருள்படும் இயெர்வே எல் ஆகுவாவில், சுண்ணச்சத்துப் படிந்து கல்லாய் உறைந்த அருவியைக் கண்டேன். அதன் ஊற்றில் கை வைத்தேன். கொதிக்கவில்லை, குளிர்ச்சியாகவே இருந்தது.