அப்பாவும் சென்சாரும்

அப்பாவின் மேல்கையில் ஒட்டிய சென்சார் 14 நாள் வரும். போனை அருகே காட்டினால் சர்க்கரை அளவு தெரியும். நாலு இட்லி சாப்பிட்டபின் போன் திரையில் சர்க்கரைக் கோடு 180ஐத் தாண்டியதை அவரே பார்த்தார். "ஆவியில வெந்ததுதானேடா, அது ஏன் ஏறுது?" என்று என்னிடம் சண்டை. டாக்டர் வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்காததை அந்தக் கோடு ஒரே காலையில் சாதித்தது. மறுநாள் இரண்டு இட்லி, கூடவே சுண்டல்.

ஆனால் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். சர்க்கரை இறங்கியதுபோல் படபடப்பும் வியர்வையும் வந்தால், திரை 90 காட்டினாலும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த வெந்தய வைத்தியத்தை எனக்கே ஃபார்வர்டு செய்கிறார்.