அடி எது, தலை எது?

"அடி கீழேதான் இருக்கும், பாட்டா" என்று சொல்லிவிட்டேன். தெரிந்து சொன்னதல்ல. பத்மநாபபுரம் அரண்மனையில் தன்னார்வ வழிகாட்டியாக நான் சொன்ன எத்தனையோ பதில்களில் இது ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்து ஏகாந்த மண்டபத்தில் நிற்கும் தூணை நம் குமரி மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. ஒற்றைப் பலாத்தடி; உடம்பெங்கும் பூவும் கொடியுமாகச் செதுக்கியது. அன்று என் குழுவில் பேத்தியின் கையைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்திருந்தார். மரவேலை ஆசாரி என்பது பார்வையிலேயே தெரிந்தது. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் எல்லோரும் மேல்தட்டுப் பூக்களை அண்ணாந்து பார்த்தபோது, அவர் உத்தரமும் கழுக்கோல் என்ற கூரைச் சட்டமும் சேரும் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

தூணருகே வந்ததும் முதல்முறையாக வாய் திறந்தார். "மக்களே, இதில் அடி எது, தலை எது?"

எங்கள் பக்கத்தில் மரம் வளர்ந்தபடியேதான் தூண் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி நிறுத்தினால் குடி விளங்காது என்பார்கள். இவ்வளவு வேலைப்பாடு ஏறிய தூணில் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நாரோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டத்தோடு போனால் வழுக்கும், எதிரே போனால் சிலும்பும். இழைப்புளி பிடித்த கைக்கு அது தெரியும்.

அவர் கட்டைவிரல் நகத்தை, பூக்கள் இல்லாத ஒரு சிறு இடுக்கில் வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார். கண்களை மூடியிருந்தார். விரல் நின்றது. இனி கீழே இழுக்க வேண்டும்.

"தொடக் கூடாது, பாட்டா!"

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பின்னால் நாற்பது பள்ளிப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரி மக்களே" என்றார். பேத்தி என்னையே பார்த்தாள். அந்தச் சங்கடத்தை மூடத்தான், அடி கீழேதான் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

விதி சரியானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை எட்டும் உயரத்தில் இருக்கும் பூவிதழ்தான் முதலில் மழுங்கும். வேர்வையும் எண்ணெயும் மரத்தில் இறங்கும். அவருக்கு விட்டால் நாற்பது பிள்ளைகளுக்கும் விட வேண்டும்.

ஆனால் அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கருந்தரையை நினைத்தால் இந்த நியாயம் ஆட்டம் காண்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதன் கலவையை விரிவாகச் சொல்லி, செருப்பைக் கழற்றிய கால்களோடு எல்லோரையும் அதன்மேல் நடத்திக் கூட்டிச் செல்கிறேன். எல்லோர் காலுக்கும் இடமுண்டு. ஓர் ஆசாரியின் நகத்துக்கு இல்லை. தரை நடக்கப் போட்டது, தூண் தடவ நட்டதல்ல என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பதில் தக்கலை பஸ் நிறுத்தம் வரைகூடத் தாங்குவதில்லை.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1729 முதல் 1758 வரை ஆண்டதும், 1795இல் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனதும் எனக்கு மனப்பாடம். தூணைச் செதுக்கியவனின் பெயர் என் பேச்சில் எங்கும் இல்லை. அவன் தொழிலைக் கையில் வைத்திருந்த ஒருவர் வந்து நான் சொல்லக்கூடியதை விட நல்ல கேள்வியைக் கேட்டார். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டு, பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அனுமதி கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் கூட்டம் வருமுன் அந்த இடுக்கைத் தேடினேன். யாருக்கும் விடாத விதியை எனக்கு விட்டுக்கொண்டேன். நகத்தை வைத்து மேலே நகர்த்தி, பிறகு அவர் நிறுத்திய இடத்திலிருந்து கீழே இழுத்தேன். என் விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.