ஆதிரெங்கம் வயல்வெளியில் ஒரு களையெடுப்பு நாள்

கார்த்திகை முதல் வாரம் திருவாரூரிலிருந்து பஸ் ஏறி திருத்துறைப்பூண்டி போனேன். ஆதிரெங்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமனின் ஊர். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். காட்டுயானம், குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா என்று அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

ஊருக்குள் போவதற்கு முன்பே ஒரு குட்டை என்னை நிறுத்திவிட்டது. ஓரத்தில் குளநெல் கதிர் விட்டிருந்தது. விதைப்பார் இல்லாமல் தானாக முளைக்கும் காட்டு நெல். கதிரை லேசாகத் தொட்டேன். நான்கைந்து மணிகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் விரல் நீளத்துக்கு வால்.

காட்டில் பிழைக்க வேண்டிய செடிக்கு அதுதான் சரி. பழுத்த மணியை உடனே உதிர்த்தால்தான் அது மண்ணுக்குப் போய் அடுத்த மழைக்கு முளைக்கும். உதிராமல் பிடித்து வைத்துக்கொள்ளும் செடிக்கு அங்கே வாரிசு குறைவு. ஆனால் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர்களுக்குக் கிடைத்தது உதிராமல் நின்ற மணிகள்தான். மறு வருடம் விதைத்ததும் அவற்றைத்தான். சீனாவின் யாங்சி நதிக்கரையில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. மணி உதிர்வதைத் தீர்மானிக்கும் முக்கியமான மரபணு ஒன்றை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதத்தில் மாறியிருந்தது அதன் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றான ஒரே ஒரு அமினோ அமிலம். காட்டில் அந்தச் செடிக்குக் குறையாக இருந்த ஒன்று, களத்துமேட்டில் நமக்குச் சோறானது.

அப்புறம் வயலுக்குப் போனேன். சம்பா நடவு முடிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து நகர, பின்னால் வரப்பில் புல் குவிந்துகொண்டே வந்தது. என் கண்ணுக்கு எல்லாமே நெல்லாகத்தான் தெரிந்தது. வரிசையின் ஓரத்தில் இருந்த வயதான அம்மாவிடம், "எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு தூரைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "கழுத்தைப் பாருங்க தம்பி. நெல்லுன்னா சவ்வு இருக்கும். இது மொழுக்குன்னு இருக்கு பாருங்க, இது புல்லு."

இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தைத்தான் கழுத்து என்றார். இலையைப் பின்னால் மடக்கிப் பார்த்தேன். நெல்லில் வெள்ளையாக, கண்ணாடித்தாள் போல மெல்லிய சவ்வு, பக்கத்தில் பூனைமயிர் போன்ற சிறு ரோமம். புல்லில் ஒன்றுமே இல்லை. மற்றபடி அதே பச்சை, அதே உயரம், அதே நிமிர்வு.

அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை என்பதுதான் என்னை அந்த வரப்பிலேயே உட்கார வைத்தது. பார்த்ததுமே புல் என்று தெரிந்ததை எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். கொஞ்சமாவது நெல் சாயலில் இருந்தது தப்பி விதை போட்டது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, யாங்சிக் கரை வயல்களில் இந்தப் புல் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் நெல்லைப் போல மாறத் தொடங்கியது என்று மரபணுக்களைக் கொண்டு காட்டியது. படர்ந்து, அடித்தண்டு சிவந்து வளர்வது அதன் பழைய குணம். வயலில் நின்றது நிமிர்ந்து, பச்சையாகிவிட்டது. இப்படிப் பயிரைப் போலவே களை மாறுவதற்கு ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். உலகமெங்கும் அலைந்து விதை சேர்த்தவர், 1943-இல் சிறையில் பட்டினியால் இறந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

நெல்லை நாம் வேண்டுமென்று வளர்த்தோம். புல்லை அழிக்கத்தான் பார்த்தோம். ஆனால் இரண்டையும் உருமாற்றியது ஒரே கைதான். இயற்கைத் தேர்வு, செயற்கைத் தேர்வு என்று பாடப்புத்தகம் இரண்டு அத்தியாயமாகப் பிரித்துவிடுகிறது. அந்த வரப்பில் உட்கார்ந்தபோது எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. அந்த அம்மாவின் கண், புல்லைப் பொறுத்தவரை வெயிலும் வறட்சியும் போல இன்னொரு இயற்கைதான். இந்தப் புல்லின் நெருங்கிய உறவு ஒன்றைத்தான் நாமே வளர்த்து, குதிரைவாலி என்று சோறாக்கிச் சாப்பிடுகிறோம்.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் கரையேறினார்கள். கால் கழுவிக்கொண்டு, தூக்குவாளியில் மீதியிருந்த நீராகாரத்தை எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வரப்போரமாக நடந்தேன். களையெடுத்து முடித்த பாத்தியில், ஒரு நெல் தூருக்கு நடுவே ஒட்டி நின்ற தண்டின் கழுத்தை மடக்கிப் பார்த்தேன். சவ்வு இல்லை. எட்டுப் பேர் கண்ணுக்கும் தப்பியிருந்தது. அறுப்புக்கு முன்பே அது விதையை உதிர்த்துவிடும்.