கட்டைக் குரல் வரிசை

பழைய மாணவர் மலருக்குக் கல்லூரி நினைவு ஒன்று எழுதச் சொன்னார்கள். பெரும்பாலோர் பிக் மட்ச் பற்றி எழுதுவார்கள் என்று தெரியும். நான் கிரிக்கெட் பக்கமே போனதில்லை. எனக்குக் கிடைத்தது சேப்பல் கொயரின், அதாவது கல்லூரித் தேவாலயப் பாடகர் குழுவின், கடைசி வரிசை. குரல் உடைந்த பெடியன்களை அங்கேதான் நிறுத்துவார்கள். சேர் கரும்பலகையில் டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தில் குறிக்கும் சொல்ஃபா எழுதிப் போடுவார். மெட்டு முன்வரிசைக்குப் போய்விடும். எங்களுக்கு நாலு சுரத்துக்குள் ஏறி இறங்கும் ஒரு கீழ்க்குரல். வீட்டில் தனியாகப் பாடிக் காட்டினால் அம்மா சிரிப்பார்.

1986இல் லண்டனுக்கு வந்த புதிதில், டிரஃபால்கர் சதுக்கத்தில் தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நிறவெறி ஆட்சியை எதிர்த்து இரவு பகலாக ஒரு மறியல் நடந்தது. மண்டேலா விடுதலையாகும்வரை, கிட்டத்தட்ட 4 வருஷம், நகராமல் நின்றார்கள். நான் பஸ் பிடிக்கப் போனவன். ஒரு பெண் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் நாலு குரலாகப் பிரிந்து வாங்கினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கட்டைக் குரல் எங்கே இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இறங்கினேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்று விலகி இடம் தந்தார். அந்தப் பாட்டு 'சென்சேனி நா', தென்னாபிரிக்காவின் சூலு இனத்தவர் மொழியில். 'நாங்கள் என்ன செய்தோம்?' என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். அங்கே சவ அடக்கங்களில் பாடுவது என்று அவர்தான் சொன்னார். இரண்டாவது சுற்றிலேயே யாரும் சேர்ந்துகொள்ளலாம். பொலிஸ் துண்டுப்பிரசுரத்தைப் பறிக்கலாம், இதை எப்படிப் பறிப்பது?

சூலுக்காரர் பாட்டு எங்கள் சேப்பல் மாதிரி ஏன் கேட்டது என்பது பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது. 1816இல் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே அமெரிக்க மிஷன் 1835இல் சூலுக்காரர் வாழும் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கும் போயிருக்கிறது. அவர்களுடைய பள்ளியில் படித்த ஜோன் டூபே, 1901இல் டேர்பனுக்குப் பக்கத்தில் இனாண்டாவில் ஒஹ்லாங்கே என்ற பள்ளியைத் தானே தொடங்கினார். 1912இல் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரும் அவர்தான். அந்தப் பள்ளிக் கொயரை நடத்தியவர் அங்கேயே படித்த ரூபன் கலூசா. 1913இன் நிலச் சட்டம் கறுப்பர்களுக்குச் சுமார் 7 வீத நிலத்தை மட்டும் விட்டுவைத்தபோது, அவர் அதைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினார். அதுவும் சொல்ஃபாவில்! பள்ளிக்குப் பணம் சேர்க்க ஊர் ஊராகப் போன கொயர், போன இடமெல்லாம் அந்த நிலக் குறையையும் பாடிவிட்டு வந்தது. 1930இல் கலூசா ஒரு சிறு குழுவோடு லண்டனுக்கு வந்து எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்துக்கு 150 பாட்டுகள் பதிந்திருக்கிறார்.

எல்லாம் சூலுக்காரர் பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. தென்னாபிரிக்கத் தேசிய கீதத்தின் முதல் பகுதியை 1897இல் எழுதிய இனொக் சொன்டொங்கா கோசா என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்த ஆசிரியர். சூலுப் பாட்டெல்லாம் போராட்டப் பாட்டும் அல்ல. வேலை விஷயமாக டேர்பனுக்குப் போன சமயம், ஒரு சனிக்கிழமை நடுராத்திரி தாண்டி இசிகத்தமியா என்ற சூலுக் குழுப்பாட்டுப் போட்டி பார்த்தேன். ஊரைவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள் விடுதிகளில் வளர்த்த கலை அது. ஒரே நிறக் கோட்டு, வெள்ளைக் கையுறை, பூனை மாதிரி நுனிக்கால் நடை. ஒருவர் மேலே பாட, பத்துப் பேர் கீழ்க்குரல். அங்கே மெட்டுக்காரன் ஒருவன்தான், மிச்சப் பேர் எல்லாம் எங்கள் வரிசை! பாட்டு பெரும்பாலும் வீடு, மாடு, காத்திருக்கும் மனைவி. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

மறுநாள் ஒஹ்லாங்கேக்குப் போனேன். 1994 ஏப்ரல் 27ஆம் தேதி மண்டேலா தன் முதல் வாக்கைப் போட்ட இடம் என்று எல்லோரும் காட்டினார்கள். நான் கொயர் பயிற்சி எங்கே நடந்தது என்று கேட்டேன். காவலாளிக்குக் கேள்வி விளங்கவில்லை.

அப்புறம், ஒரு வேண்டுகோள். எங்கள் சேர் சொல்ஃபா எழுதி வைத்திருந்த நீல மட்டைக் கொப்பி யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் மலர்க் குழுவுக்கு அறிவியுங்கள். சென்ற வருட இராப்போசனத்தில் கல்லூரிக் கீதம் பாடும்போது கட்டைக் குரலுக்கு நாங்கள் இரண்டே பேர்தான், அதிலும் ஒருவருக்கு இரண்டாம் அடி மறந்துபோனது.