பெட்டிக்குள் இருந்த ஒரு பல்

எகிப்தை 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட பெண் ஃபாரோ ஹட்செப்சுட்டின் உடல் எது என்ற கேள்விக்கு, 2007 ஜூனில் ஒரு கடைவாய்ப் பல் விடை தந்ததாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியை இன்று மறுபடி படித்தபோதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் 1903-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்ட சிறிய கல்லறையில் இரண்டு பெண்களின் மம்மிகள் இருந்தன. ஒன்று, அரசியின் செவிலித்தாய் சித்ரேயின் பெயர் பொறித்த சவப்பெட்டிக்குள் இருந்தது; இடக்கையை மார்பின் மேல் மடித்திருந்த, பருத்த உடல்வாகு கொண்ட மற்றொன்று வெறும் தரையில் கிடந்தது. செவிலித்தாயைக் கெய்ரோவுக்குக் கொண்டு சென்ற பிறகும் தரையில் கிடந்தவர் நெடுங்காலம் அங்கேயே இருந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கை அடுத்துள்ள டெய்ர் எல்-பஹ்ரியில் 1881-இல் கிடைத்த, ஹட்செப்சுட்டின் பெயர் தாங்கிய சிறு மரப்பெட்டியை எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸின் குழுவினர் சி.டி. ஸ்கேன் செய்தபோது, பதப்படுத்திய உள்ளுறுப்போடு ஒரு பல்லும் தெரிந்தது. அது அந்தப் பருத்த பெண்ணின் மேல்தாடையில் இருந்த இடைவெளிக்குப் பொருந்துவதாக அவர்கள் கூறினர். (கோயில் சுவர்களில் ஹட்செப்சுட்டின் பெயரைச் செதுக்கி அழித்த, அவருக்குப் பின் ஆண்ட மூன்றாம் துட்மோசின் ஆட்கள் இந்தப் பெட்டியை விட்டுவைத்தது நம் நல்லூழ்.)

ஆனால் அது இரண்டு வேர்கள் கொண்ட கீழ்த்தாடைப் பல் போலத் தோன்றுகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. மேல் கடைவாய்ப் பற்களுக்குப் பொதுவாக மூன்று வேர்கள் இருக்கும். மரபணுச் சோதனையும் ஐயத்தை முழுவதுமாகத் தீர்க்காத நிலையில், அந்த மம்மியை ‘ஹட்செப்சுட்டாக இருக்கலாம்’ என்று குறிப்பிடுவதே முறை என எனக்குத் தோன்றுகிறது.