மானுக்காக விதைத்து, மானிடமிருந்து காப்பது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பலரும் மானுக்கென்றே கொஞ்சம் இடம் ஒதுக்கிப் பயிர் வைக்கிறார்கள். பெரும்பாலும் நவம்பர் வேட்டைப் பருவத்தை மனதில் வைத்துத்தான். எனக்கு வேட்டையில் நாட்டமில்லை. ஆனால் இந்த ஊரின் மண்ணும் பருவமும் எனக்குப் பிடிபட்டது, வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான்.

தீவனத்தை வாங்கிக் கொட்டிவிட்டால் போதாதா என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். 2002-ல் இந்த மாநிலத்து மான்களிடம் சிடபிள்யூடி என்ற நோய் கண்டறியப்பட்டது. மூளையை அரித்து மானைக் கொன்றுவிடும், மருந்து கிடையாது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியே தொற்றும். அதனால் பல கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், தீவனம் கொட்டுவது சட்டப்படி தடை. மண்ணில் விளைந்து நிற்கும் பயிருக்கு அந்தத் தடை இல்லை. தவிர, குளிர்காலத்தில் சுள்ளியும் மொட்டும் தின்று பழகிய வயிற்றுக்குத் திடீரென்று மக்காச்சோளம் நிறையக் கிடைத்தால், அமிலம் ஏறி மான் செத்தே போகலாம்.

சரி, பயிர்தான் என்று முடிவானது. குளோவர் என்ற தீவனப் பயிரைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்கு மேல் இருந்தால் நல்லது. எங்கள் மண் அமில மண். சுண்ணாம்பு போட்டுவிட்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

விதைப்பு அதிசயமாக இருந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் தரை பகலில் இளகும், இரவில் உறையும். அப்படி மாறி மாறி நடக்கும்போது மேல்மண் வெடித்து வெடித்து மூடும். விதையைச் சும்மா தூவிவிட்டால் அந்த வெடிப்புக்குள் அதுவே இறங்கிக்கொள்கிறது. உழவே வேண்டாம். குளோவர் விதை கடுகைவிடச் சின்னது. ஆழமாகப் புதைந்தால் மேலே வராது. வேர் பிடித்துவிட்டால் தழைச்சத்தை அதுவே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கஷ்டம் அப்புறம்தான் தொடங்கியது. யாருக்காக விதைத்தோமோ அவையே இளந்தளிரைத் தரையோடு மேய்ந்துவிடும். மான் எட்டடி வேலியையும் தாண்டக்கூடியது. ஆனால் தூரத்தையும் உயரத்தையும் சேர்த்து மட்டுக்கட்ட அதற்கு வராது. அதனால் மின்வேலியை இரண்டு வரிசையாகப் போட்டோம்: வெளியே முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி, மூன்றடி உள்ளே தள்ளி மேலும் கீழுமாக இரண்டு கம்பி. வெளிக்கம்பியில் அலுமினியத் தாள் துண்டுகளை மடித்து மாட்டி, அதில் வேர்க்கடலை வெண்ணெய் தடவினோம். வாசனைக்கு வரும் மான் மூக்கை நீட்டும், சுருக்கென்று ஒரு அடி வாங்கும். அடுத்த முறை வேலியைக் கண்டாலே ஒதுங்கிப் போகும்.

ஆகஸ்டில் டர்னிப் என்ற கிழங்குப் பயிரையும் விதைத்தோம். உறைபனி பட்டதும் அதன் இலையில் இனிப்பு ஏறும். அந்த நேரம் பார்த்து வேலியைக் கழற்றிவிட்டோம். கம்பி வலையில் செய்த வட்டக் கூண்டு ஒன்றை மட்டும் வயல் நடுவே விட்டுவைத்தோம். சில வாரங்களில் கூண்டுக்குள் முழங்கால் உயரத்துக்குக் குளோவர். வெளியே மொட்டைத் தரை. நிலம் தாங்குவதைவிட மான் அதிகம் என்பது கண்ணெதிரே தெரிந்தது. காட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஓக் கன்றுகளையும் கடித்து வைத்திருக்கின்றன. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்தில் எழும்ப இளமரம் இல்லை.

இன்னும் அரை ஏக்கர் கூட்டுவதால் இது தீராது. யோசித்துப் பார்த்து, இந்த நவம்பரில் எங்கள் நிலத்தில் வேட்டையாடப் பக்கத்து நிலத்துக்காரருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன், பெட்டை மான்களை மட்டும்.